பூச்சியம் மறைத்த அதிர்வு

மீக்கடத்திகளின் வரலாறு: பகுதி 17

1987 மார்ச் 18 மாலை தொடங்கி விடிய விடிய நியூயார்க் ஹில்டன் ஹோட்டலில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தோடு சென்ற பகுதியை முடித்தோம். இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த கருநிறப் பீங்கான் ஒன்று 90 கெல்வினுக்கு மேலேயே மின்தடையை இழக்கிறது என்பதில் அந்த இரவுக்குப் பிறகு யாருக்கும் ஐயமில்லை. ஏன் இழக்கிறது என்ற கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் இருந்தது. அந்தப் பதில்களைச் சலித்தெடுக்க ஒரு பழைய சோதனை கைவசம் இருந்தது. 1950-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இமானுவேல் மேக்ஸ்வெல்லும், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செரின் குழுவினரும் தனித்தனியே பாதரசத்தின் ஐசோடோப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். அணு கனமாகக் கனமாக, மின்தடை மறையும் மாறுநிலை வெப்பநிலை இறங்கியது. அது அணு நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருந்தது. ஐசோடோப்பை மாற்றினால் வேதியியல் மாறுவதில்லை, எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மாறுவதில்லை. அணுவின் எடையும் அதனால் அது அதிரும் வேகமும் மட்டுமே மாறுகின்றன. ஆகவே மீக்கடத்துத்திறனில் அணு அதிர்வுக்குப் பங்குண்டு என்பது உறுதியாயிற்று. ஏழே ஆண்டுகளில், 1957-இல், அதிர்வுகளே எலெக்ட்ரான்களை இணைசேர்க்கின்றன என்ற கோட்பாட்டை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் முழுமையாக வகுத்துக் கொடுத்தார்கள்.

அதே சோதனையைப் புதிய பீங்கானில் செய்து பார்க்க பெல் ஆய்வகத்தில் பாட்லாக் குழுவும், பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவும் முந்திக்கொண்டன. செய்முறை எளிது. தாமிர ஆக்சைடுகளில் ஆக்சிஜன் சூட்டில் எளிதாக வெளியேறும், எளிதாக உள்ளே வரும். பொடியை ஆக்சிஜன்-18 வாயுவில் வைத்துச் சுட்டால் உள்ளே இருந்த ஆக்சிஜன்-16 அணுக்களில் பெரும்பகுதி இடம் பெயர்ந்துவிடும். எவ்வளவு மாறியது என்பதை எடைபோட்டே தெரிந்துகொள்ளலாம். சிதறிய ஒளியில் ஆக்சிஜன் அதிர்வுகளின் அதிர்வெண் இறங்கியிருப்பதைப் பார்த்தும் உறுதிசெய்யலாம். பாதரசத்தின் விதி இங்கும் செல்லுமானால், இணைசேர்க்கும் வேலை முழுவதும் ஆக்சிஜனுடையது என்று வைத்துக்கொண்டால், மாறுநிலை வெப்பநிலை நான்கைந்து கெல்வின் இறங்கியிருக்க வேண்டும். இரு குழுக்களும் அளந்த நகர்வு பிழை எல்லைக்குள் பூச்சியம். பிற்பாடு வந்த துல்லியமான அளவீடுகளும் அரை கெல்வினைத் தாண்டவில்லை. முதலில் கண்டுபிடிக்கப்பட்ட லாந்தனம் குடும்பத்தில் நகர்வு இதைவிடத் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அதுவும் பழைய விதி எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

இந்தப் பூச்சியம் தனியாக வரவில்லை. அதே ஆண்டு வாக்னினும் அவருடைய சகாக்களும் நியூட்ரான் சிதறல் மூலம் லாந்தனம் தாமிர ஆக்சைடு ஓர் எதிர் ஃபெர்ரோ காந்தம் என்று காட்டினார்கள். அதில் அடுத்தடுத்த தாமிர அணுக்களின் தற்சுழற்சிகள் மேலும் கீழுமாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன; நல்ல மாதிரிகளில் இந்த ஒழுங்கு 300 கெல்வினுக்கு மேலும் நிலைக்கிறது. அதற்கு முன்பே, 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த கருத்தரங்கில், பிலிப் ஆண்டர்சன் காந்தப் பரிமாற்றமே மீக்கடத்துத்திறனின் வேர் என்ற தன் கருத்தை முன்வைத்திருந்தார். அதைக் கணிதமாக வளர்த்ததில் அவருடன் உழைத்தவர்களில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். ஒரு பக்கம் அதிர்வுக்கு எதிராகப் பூச்சியம், மறுபக்கம் காந்தத்துக்கு ஆதரவாகக் கண்முன்னே ஒரு காந்தம். அதிர்வு வேண்டாம், தற்சுழற்சி போதும் என்ற முடிவு பரவியது. அடுத்த முப்பது ஆண்டுகளும் இவ்வரலாறு இரு முகாம்களின் சண்டையாகவே எழுதப்பட்டது. அந்தப் பூச்சியம் சரியாக அளக்கப்பட்டது, தவறாக வாசிக்கப்பட்டது என்பதே இப்பகுதியில் நான் நிறுவ முயல்வது. அதிர்வையும் காந்தத்தையும் எதிரெதிரே நிறுத்துவதற்கு இந்தப் படிகத்தின் அமைப்பே இடம் தருவதில்லை.

காரணத்தைப் பார்க்கக் காந்தப் பரிமாற்றம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காந்தத்தன்மை கொண்ட இரு உலோக அயனிகள், நடுவில் காந்தத்தன்மையே இல்லாத ஓர் அயனி இருக்க, ஒன்றையொன்று எப்படி உணர்கின்றன என்று 1934-இல் கேட்டவர் டச்சு இயற்பியலாளர் கிராமர்ஸ். மாங்கனீசு ஆக்சைடில் அப்படி ஓர் எதிர்வரிசை இருப்பதை 1949-இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் நியூட்ரான்களைக் கொண்டு நேரடியாகக் காட்டினார்கள். கோட்பாட்டுக்கு இன்றைய வடிவம் தந்தவர் அதே ஆண்டர்சன்; 1950-இலும் 1959-இலும் அவர் எழுதிய கட்டுரைகளே இன்றுவரை அடித்தளம். சாரம் இதுதான்: இரு தாமிர அணுக்களும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை, ஆக்சிஜன் ஒரு தரகர்போல நடுவில் நிற்கிறது. தாமிரத்தின் வெளிச்சுற்றில் ஓர் எலெக்ட்ரானுக்கு இடம் காலியாக இருக்கிறது. ஆக்சிஜனின் எலெக்ட்ரான் ஒரு கணம் அங்கே தாவி மீள்கிறது. இரு பக்கத் தற்சுழற்சிகளும் எதிரெதிராக இருந்தால்தான் இந்தத் தாவலுக்குத் தடை குறைவு, ஆற்றலும் மிச்சம். அந்த மிச்சமே பரிமாற்ற ஆற்றல். தாமிரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே தூரம் 1.9 ஆங்ஸ்ட்ராம். இரு பிணைப்புகளும் ஒரே கோட்டில், ஏறக்குறைய 180 பாகையில் அமைந்திருக்கின்றன. இந்த அமைப்பால் லாந்தனம் தாமிர ஆக்சைடில் பரிமாற்ற ஆற்றல் சுமார் 130 மில்லி எலெக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையாகச் சொன்னால் 1500 கெல்வின். இப்படியான சேர்மங்களில் இது மிகப் பெரிய அளவு.

இந்த எண்ணைப் படிகத்தின் நிலையான பண்பாக, உருகுநிலை மாதிரி, அட்டவணையில் எழுதி வைப்பது வழக்கம். ஆனால் தாவலின் வலு தூரத்தைப் பொறுத்து மிகச் செங்குத்தாக மாறுகிறது: பிணைப்பு ஒரு விழுக்காடு குறுகினால் பரிமாற்றம் பல விழுக்காடு கூடும். அழுத்தம் கொடுத்து அளந்த சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. கோணத்தைப் பொறுத்து நிலைமை இன்னும் தீவிரம். குட்இனஃபும் கனமோரியும் 1950-களில் வகுத்த விதிகளின்படி 180 பாகையில் வலுவான எதிர்வரிசை. 90 பாகையை நெருங்கினால் அது தேய்ந்து, குறியே மாறி, வலுக்குறைந்த ஒத்த வரிசையாகும். இத்தனைக்கும் நடுவில் நிற்கும் ஆக்சிஜன் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. முழுப் பூச்சியக் குளிரிலும் குவாண்டம் விதிகள் அதை அதிரவே வைக்கின்றன. 50 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள அதிர்வுக்கு ஆக்சிஜனின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் அலைவின் சராசரி அளவு 0.05 ஆங்ஸ்ட்ராம், அதாவது பிணைப்பு நீளத்தில் 2.5 விழுக்காட்டுக்கு மேல். வேகத்திலும் பெரிய இடைவெளி இல்லை. பிணைப்பை இழுத்துச் சுருக்கும் வேகமான அதிர்வுகளின் ஆற்றல் சுமார் 80 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்; காந்தத்தினுடையது 130. ஒன்று உறைந்து நிற்க மற்றொன்று ஓடுகிறது என்று பிரித்துக் கணக்குப் போட இரண்டுக்கும் இடையே போதிய தொலைவில்லை. ஆக, நாம் மேற்கோள் காட்டும் 130 என்பது ஓயாமல் ஏறி இறங்கும் ஒன்றின் சராசரி.

இங்கே கவனமான வாசகர் ஒரு வலுவான மறுப்பை எழுப்பலாம். ஆக்சிஜன் இடது தாமிரத்தை நோக்கி நகர்ந்தால் இடப்பக்கத் தாவல் வலுக்கும், வலப்பக்கத் தாவல் அதே அளவு மெலியும். பரிமாற்றம் இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது; எனவே முதல் வரிசையில் கூடுதலும் குறைவும் கழிந்துபோகும். பிணைப்புக் கோட்டுக்குக் குறுக்கே ஆக்சிஜன் அசைந்தாலும் மேலே போவதும் கீழே போவதும் ஒரே விளைவைத்தான் தரும். அங்கும் முதல் வரிசை விளைவு இல்லை. எஞ்சுவது இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைப் பொறுத்த சிறு திருத்தம் மட்டும். மறுப்பு சரியானது, எண்களும் அதற்குத் துணை நிற்கின்றன. சராசரிப் பரிமாற்றத்தில் அந்தத் திருத்தம் ஒரு விழுக்காட்டை ஒட்டியது. ஆக்சிஜன்-18 போட்டால் அலைவின் வர்க்கம் ஆறு விழுக்காடுதான் குறையும். ஆகவே ஐசோடோப்பு மாற்றத்தால் பரிமாற்றத்தில் வர வேண்டிய நகர்வு ஒரு விழுக்காட்டில் பத்திலொன்றுகூட இல்லை. 1994-இல் ஜாவ், சிங், மாரிஸ் மூவரும் லாந்தனம் தாமிர ஆக்சைடில் காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலையை இரு ஐசோடோப்புகளிலும் ஒப்பிட்டபோது ஏறத்தாழ 2 கெல்வின் இறக்கம் கண்டார்கள். 300 கெல்வினுக்கு மேற்பட்ட ஒன்றில் இது சிறியதுதான். ஆனால் எளிய கணக்கு அனுமதிப்பதைவிட இது பல மடங்கு. அந்த வெப்பநிலை அடுக்குகளுக்கு இடையிலான நொய்ந்த பிணைப்பையும், படிகத்தில் மிகையாக ஒட்டியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனையும்கூடப் பொறுத்தது. எனவே இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வாதம் கட்டக் கூடாது. அதிர்வு காந்தத்தைத் தொடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று வேறிடத்தில் இருக்கிறது. மறுப்பாளர் காட்டிய அதே சமச்சீரில்தான் அது இருக்கிறது.

1993-இல் பெர்கின்ஸும் சகாக்களும் மின்காப்பு நிலையிலுள்ள தாமிர ஆக்சைடுகளின் அகச்சிவப்பு ஒளி உறிஞ்சலை அளந்தபோது 0.35 முதல் 0.4 எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான பகுதியில் ஒரு கூரிய முகடு தெரிந்தது. அது அங்கே இருக்கவே கூடாது. தனி அதிர்வு எதற்கும் அவ்வளவு ஆற்றல் கிடையாது. எலெக்ட்ரானைத் தாமிரத்துக்குத் தாவவிட 2 எலெக்ட்ரான் வோல்ட் அளவு தேவை, அதுவும் பொருந்தாது. அடுத்தடுத்த இரு தற்சுழற்சிகளை ஒளி சேர்த்துப் புரட்டியிருக்கலாம் என்றால் ஆற்றல் கணக்கு ஓரளவு சரிவரும். ஆனால் அதற்கும் தடை உண்டு. இரு தாமிரங்களுக்கும் நடுப்புள்ளியில் படிகம் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒளியின் மின்புலமோ ஒரு திசை கொண்டது. மின்புலம் இடமா வலமா என்பதைப் பொறுத்துப் பரிமாற்றம் மாற முடியாது, ஆகையால் ஒளியால் நேரடியாக அந்தப் புரட்டலைச் செய்ய முடியாது. தாமிரத்தின் அதே வெளிச்சுற்றுக்குள் நிகழும் எலெக்ட்ரான் கிளர்ச்சியாக இருக்கலாம் என்று அளந்தவர்கள் முதலில் கருதினார்கள்.

1995-இல் லோரென்சானாவும் சவாட்ஸ்கியும் விடை கண்டார்கள். மின்புலம் தனியாக வந்தால் விளைவு பூச்சியம். ஆக்சிஜனின் இடப்பெயர்ச்சி தனியாக வந்தாலும் முதல் வரிசையில் பூச்சியம். இரண்டும் சேர்ந்து வந்தால் பூச்சியமாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்சிஜன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் கணத்தில் நடுப்புள்ளியின் சமச்சீர் உடைகிறது. அந்தக் கணத்தில் ஒளியால் பரிமாற்றத்தைப் பிடித்து அசைக்க முடிகிறது. எனவே ஒளியின் ஒரு துகள் உறிஞ்சப்படும்போது இரு தற்சுழற்சிகள் புரள்வதோடு ஓர் அதிர்வும் சேர்ந்தே பிறக்கிறது. கணக்கிட்ட முகடும் அளந்த முகடும் பொருந்தின. அதிலிருந்து கிடைத்த பரிமாற்ற ஆற்றல் நியூட்ரான் சோதனைகளின் மதிப்போடு ஒத்துப்போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒற்றைச் சங்கிலியாக அமைந்த ஸ்ட்ரான்சியம் தாமிர ஆக்சைடிலும் இதே உறிஞ்சல் அளக்கப்பட்டு, இதே கோட்பாட்டால் விளக்கப்பட்டது. இந்த முகட்டின் முக்கியத்துவம் அதன் அளவில் இல்லை. அதிர்வு பரிமாற்றத்தைத் தொடாவிட்டால் இந்த முகடே இருக்காது. சராசரி எண்ணில் கழிந்துபோன விளைவு உறிஞ்சல் நிறமாலையில் கண்ணுக்குத் தெரியும் மேடாக நிற்கிறது.

இன்னொரு சான்றைப் பலர் இதைவிட முன்னே வைப்பார்கள். அதை நான் பின்னே வைப்பதற்குக் காரணம் உண்டு. 1928-இல் கொல்கத்தாவில் சி. வி. ராமன் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு பெல் ஆய்வகத்தின் லயன்ஸ், ஃப்ளூரி குழுவினர் 1988-இல் லாந்தனம் தாமிர ஆக்சைடின் காந்த அலைகளை அளந்தார்கள். முகடு இருந்த இடம் எதிர்பார்த்தபடியே இருந்தது; அகலம் மட்டும் கோட்பாடு சொன்னதைவிட மிக அதிகம். 1990-இல் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் வெப்பநிலை ஏற ஏற அந்த அகலம் காந்தக் கோட்பாடு மட்டும் தரும் வேகத்தை மிஞ்சி வளர்வதைக் கண்டார்கள். 1995-இல் நோரியும் அவருடைய சகாக்களும் அதிர்வுகளால் பரிமாற்றம் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வடிவத்தைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக அவர்கள் எடுத்துக்கொண்ட ஏற்ற இறக்கம், ஆக்சிஜனின் அலைவு நியாயமாகத் தரக்கூடியதைவிடப் பெரிதாக இருந்தது. தற்சுழற்சிகளின் குவாண்டம் அலைவுகளும் அகலத்தைக் கூட்டும். 2001-இல் கோல்டியா குழு இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் மையத்தில் அளந்தபோது, நான்கு தாமிரங்களைச் சுற்றிவரும் பரிமாற்றமும் சேர்ந்தே வேலை செய்வது தெரிந்தது. ஆகவே ராமன் முகட்டின் அகலத்தில் அதிர்வுக்குப் பங்குண்டு, முழு உரிமை இல்லை. வெப்பநிலையோடு அது மாறும் விதம் மட்டுமே வாதத்துக்கு உதவும். பலவீனமான சான்றைத் தூக்கிப் பிடித்தால் வலுவான சான்றும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

180 பாகையில் முதல் வரிசை விளைவை மறைப்பது சமச்சீர் என்றால், அந்தச் சமச்சீர் இல்லாத தாமிர ஆக்சைடில் விளைவு வெளிப்பட்டாக வேண்டும். இந்த எதிர்பார்ப்பைச் சோதிக்க இயற்கையே ஒரு படிகத்தைக் கொடுத்திருக்கிறது. தாமிர ஜெர்மனேட் என்ற நீலநிறச் சேர்மத்தில் தாமிரங்கள் சங்கிலியாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஆக்சிஜன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. கோணம் 99 பாகை அளவில். பரிமாற்றம் குறி மாறும் எல்லைக்கு இது அருகில். அதனால் பரிமாற்ற ஆற்றலும் பத்துப் பன்னிரண்டு மில்லி எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. வளைந்த பிணைப்பில் ஆக்சிஜன் உள்ளே அசைவதும் வெளியே அசைவதும் ஒன்றல்ல: ஒன்று கோணத்தை விரித்துப் பரிமாற்றத்தைக் கூட்டும், மற்றது குறைக்கும். 1993-இல் டோக்கியோவில் ஹாசே, தெராசாகி, உச்சினோகுரா மூவரும் இப்படிகத்தின் காந்த ஏற்புத்திறன் 14 கெல்வினுக்குக் கீழே எல்லாத் திசைகளிலும் ஒருசேரப் பூச்சியத்தை நோக்கி விழுவதைக் கண்டார்கள். தற்சுழற்சிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து காந்தத்தன்மையை அணைத்துவிடுகின்றன. அடுத்து வந்த சிதறல் சோதனைகளில் அணுக்களும் இரண்டிரண்டாக நெருங்கியிருப்பது தெரிந்தது. நகர்ந்த தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் நூறிலொரு பங்கு அளவுதான். அந்த நூறிலொரு பங்கால் படிகம் முழுவதும் நிலை மாறுகிறது, ஏனென்றால் இங்கே முதல் வரிசை விளைவைக் கழித்துவிட எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை.

இதற்கும் மறுப்பு உண்டு. 1979-இல் கிராஸும் ஃபிஷரும் வகுத்த கோட்பாட்டின்படி, இப்படியொரு மாற்றத்துக்கு முன்னால் அதற்குரிய அதிர்வு மெல்ல மெல்லத் தளர்ந்து அதன் அதிர்வெண் பூச்சியத்தை நோக்கி இறங்க வேண்டும். தாமிர ஜெர்மனேட்டில் அப்படித் தளரும் அதிர்வைத் தேடியவர்கள் காணவில்லை. அதிர்வு காந்தத்தை ஆட்டுகிறது என்ற விளக்கம் இதனால் கவிழ்ந்துவிடுமா? கவிழாது. அதிர்வுகள் காந்தத்தைவிட மெதுவாக இருக்கும்போதுதான் தளர்ச்சி எதிர்பார்க்கத்தக்கது. இப்படிகத்தில் நிலைமை தலைகீழ்: காந்தத்தின் வேகம் குறைவு, சம்பந்தப்பட்ட அதிர்வுகளின் வேகம் அதிகம். அந்நிலையில் அதிர்வெண் தளராமலே மாற்றம் நிகழ முடியும் என்பதைப் பின்னர் வந்த கணக்குகள் காட்டின. எந்தத் தாமிர ஆக்சைடிலும் அதிர்வும் காந்தமும் பிணைந்தே இருக்கின்றன. எந்த வடிவில் அது வெளித்தெரியும் என்பதைக் கோணமும் வேகங்களின் விகிதமும் தீர்மானிக்கின்றன.

இந்தப் பின்னணியில் 1987-இன் பூச்சியத்துக்குத் திரும்புவோம். அந்த அளவீடு நடந்த மாதிரி எது? மாறுநிலை வெப்பநிலை உச்சத்தில் இருக்கும் கலவை. எந்த உச்சத்திலும் ஒரு பொதுக்குணம் உண்டு: அங்கே சிறு மாற்றம் எதையும் நகர்த்தாது, ஏனெனில் சரிவே அங்கு பூச்சியம். கனமான ஆக்சிஜன் மின்னேற்றத் துளைகளின், அதாவது எலெக்ட்ரான்களை அகற்றி உண்டாக்கிய காலி இடங்களின், செயல்பாட்டைச் சற்றே மாற்றினாலும் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. உச்சியை விட்டு இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. துளைகளைக் குறைத்துக்கொண்டே போனால் ஐசோடோப்பு விளைவு வளர்கிறது. 1990-இல் கிராஃபர்டும் சகாக்களும் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் தாமிர ஆக்சைடில், எட்டு தாமிரங்களுக்கு ஒரு துளை என்ற அளவை நெருங்கும்போது, அது பழைய பாதரச விதியையே எட்டிப்பிடிப்பதைக் காட்டினார்கள். 1994-இல் சூரிக்கில் ஹூகோ கெல்லரும், தாமிர ஆக்சைடு மீக்கடத்தியைக் கண்டறிந்த கார்ல் அலெக்ஸ் முல்லரும் இடம்பெற்ற குழு, வெவ்வேறு இடங்களில் உள்ள ஆக்சிஜன்களைத் தனித்தனியே மாற்றிப் பார்த்தது. எஞ்சிய நகர்வுக்கு முக்கியக் காரணம் தாமிரத் தளத்தில் இருக்கும் ஆக்சிஜனே, பரிமாற்றத்துக்கு நடுவில் நிற்கும் அதே ஆக்சிஜன். துளைகளின் எண்ணிக்கை இரு மாதிரிகளிலும் சற்று வேறுபட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே உலையில் அருகருகே சுடுவதும், கனமான ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துவிட்டு நகர்வு மறைகிறதா என்று பார்ப்பதும் அந்தச் சந்தேகத்துக்காகவே கைக்கொண்ட வழிகள்.

ஆண்டர்சன் தரப்பின் மறுப்பு இன்னும் ஆழமானது. எலெக்ட்ரான்களை இணைக்க இடையில் ஒரு பசை வேண்டும் என்ற எண்ணமே பழக்கதோஷம், பரிமாற்றமும் எலெக்ட்ரான் விலக்கமும் நேரடியாகவே அந்த வேலையைச் செய்துவிடும் என்று 2007-இல் அவர் எழுதினார். மறுபுறம், ஒளியெலெக்ட்ரான் அளவீடுகளில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் கோடு 50 முதல் 80 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் பகுதியில் மடிவதை லான்சாரா குழு 2001-இல் காட்டியது. அது அதிர்வின் தடம் என்று வாதிட்டது. 2004-இல் அதே அளவீட்டில் பெரிய ஐசோடோப்பு விளைவு அறிவிக்கப்பட்டது. 2007-இல் கொலராடோவில் திரும்பச் செய்தபோது அது கிடைக்கவில்லை. 2008-இல் இவாசாவா குழு மடிப்பின் இடத்தில் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான சிறு நகர்வை மட்டும் உறுதிசெய்தது. அதிர்வே இணைசேர்ப்பின் ஒரே காரணம் என்று வாதிட இந்தச் சான்றுகள் போதாது. நான் அப்படி வாதிடவும் இல்லை. ஆண்டர்சன் சொன்னது முழுக்கச் சரியென்றே வைத்துக்கொண்டாலும் அவருடைய பரிமாற்ற ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மீதம் இருக்கிறது. அது ஆக்சிஜனின் இடத்திலிருந்து வருகிறது.

காந்த முகாமுக்கு அண்மையில் கிடைத்த மிக வலுவான சான்றுகூட இதையே சொல்கிறது. 2022-இல் சேமஸ் டேவிஸ் குழு வெளியிட்ட ஆய்வு பிஸ்மத் குடும்பப் படிகம் ஒன்றில் நடந்தது. அதில் தாமிரத் தளத்துக்கு மேலே நிற்கும் உச்சி ஆக்சிஜனின் தூரம் இடத்துக்கு இடம் சீரான அலையாக மாறுகிறது. ஊசிமுனை நுண்ணோக்கி கொண்டு ஒவ்வோர் இடத்திலும் இரண்டை அளந்தார்கள்: ஆக்சிஜனிலிருந்து தாமிரத்துக்கு எலெக்ட்ரான் தாவ வேண்டிய ஆற்றல், எலெக்ட்ரான் இணைகளின் அடர்த்தி. தாவல் ஆற்றல் குறைந்த இடத்தில் இணைகள் அடர்ந்தும், கூடிய இடத்தில் மெலிந்தும் இருந்தன. மாறும் வீதமும் பரிமாற்றக் கோட்பாட்டின் கணிப்போடு ஒத்துப்போனது. இது காந்தப் பரிமாற்றத்துக்குச் சாதகமான முடிவாகவே பேசப்பட்டது, சரியாகவே பேசப்பட்டது. ஆனால் அந்தச் சோதனையில் பரிமாற்றத்தைத் திருகும் கைப்பிடியாகப் பயன்பட்டது ஓர் அணுவின் இடப்பெயர்ச்சி. அங்கே அது உறைந்த இடப்பெயர்ச்சி. அதிர்வில் அதே இடப்பெயர்ச்சி காலத்தில் ஓடுகிறது.

முல்லர் ஆக்சைடுகளைத் தேடிப் போனதே எலெக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களை உருக்குலைக்கும் யான்-டெல்லர் விளைவை நம்பித்தான். அவர் கையில் கிடைத்ததோ அதுவரை அறிந்தவற்றில் மிக வலுவான பரிமாற்றம் கொண்ட காந்தங்களில் ஒன்று. இதை விதியின் விளையாட்டு என்று எழுதுவது வழக்கம். எலெக்ட்ரானும் அணு இடப்பெயர்ச்சியும் இறுகப் பிணைந்த ஆக்சைடைத் தேடினால், ஆக்சிஜன் வழியாகப் பரிமாற்றம் வலுத்த ஆக்சைடு கிடைப்பதில் வியப்பில்லை. தாமிரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான தாவலின் வலுவே இரண்டுக்கும் அடிப்படை. 1987-இன் சோதனை, அதிர்வெண்தான் மாறுநிலை வெப்பநிலையை நிர்ணயிக்கிறதா என்று கேட்டு இல்லை என்ற விடை பெற்றது. பரிமாற்றம் அதிர்வைச் சாராததா என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த விடையாக அந்தப் பூச்சியத்தை எடுத்துக்கொண்டதால், சமச்சீராலும் உச்சியின் சமதளத்தாலும் கழிந்துபோன விளைவுகள் இல்லாத விளைவுகளாகவே முப்பது ஆண்டுகள் எண்ணப்பட்டன. எட்டுக்கு ஒரு துளை என்ற அந்தக் கலவையில் தாமிரத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் கூண்டுகள் சாய்ந்து, காந்தமும் மின்னேற்றமும் வரிவரியாக உறைந்து நிற்பதை 1995-இல் டிரான்குவாடா நியூட்ரான்களால் கண்டார். அந்தக் கூண்டுகளின் சாய்வு காந்தத்தின் வடிவத்தை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.